பிஎஸ்ஏவின் புன்னகையை மீண்டும் வரைய: பழைய பிராந்திய விமான லிவரிகளை ஃப்ளைட் சிமுலேட்டருக்குக் கொண்டுவரும் முழு வழிகாட்டி

பழைய லிவரி ஒன்றை, அதாவது ஒரு நிறுவனம் தன் விமானங்களுக்கு அடிக்கும் வண்ண அமைப்பை, சிமுலேட்டருக்காக ரீபெயின்ட் செய்பவர்கள் பெரும்பாலும் நிறத்தைப் பற்றித்தான் சண்டை போடுவார்கள். இந்த ஆரஞ்சு சரியா, அந்தச் சிவப்பு கொஞ்சம் தூக்கலா என்று பக்கம் பக்கமாக வாதம் நடக்கும். உண்மையில் ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்தவுடன் "எங்கேயோ இடிக்கிறதே" என்று தோன்றவைப்பது அளவு. பட்டை ஜன்னலுக்குக் கீழே எவ்வளவு தள்ளி ஓடுகிறது, எழுத்து எந்தக் கதவுக்குப் பின்னால் தொடங்குகிறது, வால் பக்கம் போகப்போகப் பட்டை மெலிகிறதா இல்லையா என்பவை தவறினால், எவ்வளவு துல்லியமான நிறமும் காப்பாற்றாது. அதனால் இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் அளவெடுப்பதுதான்.

உதாரணத்துக்குப் பசிபிக் சவுத்வெஸ்ட் ஏர்லைன்ஸின் பிஏஇ 146-200 விமானத்தை எடுத்துக்கொள்வோம். பிஎஸ்ஏ 1949-இல் சான் டியாகோவில் தொடங்கிய கலிஃபோர்னியா நிறுவனம். நெடுங்காலம் அந்த மாநிலத்துக்குள் மட்டுமே பறந்ததால், மத்திய அரசின் கட்டணக் கட்டுப்பாடு அதற்குப் பொருந்தவில்லை; மலிவு விலையில் டிக்கெட் விற்றே பெயர் வாங்கியது. 146 விமானங்கள் 1984-இலிருந்து வந்தன. 1988 ஏப்ரலில் யுஎஸ்ஏர் நிறுவனத்தோடு பிஎஸ்ஏ கலந்துவிட்டது. வெள்ளை உடல், பிங்க்–ஆரஞ்சு–சிவப்புப் பட்டைகள், மூக்கின் அடியில் கறுப்பு மையில் ஒரு புன்னகை. பழைய லிவரிகளில் வரும் சிக்கல்கள் கிட்டத்தட்ட எல்லாமே இந்த ஒன்றில் இருக்கின்றன. இதை முடித்துவிட்டால் ஏர் யுகே, டான்-ஏர், கிராஸ்ஏர் எதையும் வரையலாம்.

சொல்லப்படும் கோப்பு அமைப்பு மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2020-க்கானது. 2024-க்கென்றே புதிதாகக் கட்டப்பட்ட விமானங்களில் லிவரி ஃபோல்டரின் அமைப்பு வேறு. வரையும் பகுதி இரண்டுக்கும் ஒன்றுதான்.

முதலில் ஒரு விமானத்தையும் ஒரு தேதியையும் முடிவு செய்யுங்கள்

"எண்பதுகளின் பிஎஸ்ஏ" என்று பொதுவாக வரையத் தொடங்கினால் மூன்று வேறு விமானங்களின் கலவைதான் கிடைக்கும். ஒரு பதிவெண், ஒரு ஆண்டு, முடிந்தால் ஒரு மாதம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே நிறுவனத்தில் ஒரே ஆண்டில் இரண்டு விமானங்களுக்கு எழுத்தின் இடம் மாறியிருக்கும். கதவைச் சுற்றிய கோடு ஒன்றில் இருக்கும், மற்றதில் இருக்காது. பிஎஸ்ஏவின் 146-களில் "தி ஸ்மைல் ஆஃப் ஸ்டாக்டன்" என்பதுபோல ஊர்ப்பெயரும் உண்டு. அது விமானத்துக்கு விமானம் மாறும். இந்த ஸ்டாக்டன் விமானம், அதாவது என்350பிஎஸ், 1987 டிசம்பர் 7 அன்று 43 பேரோடு விழுந்தது. படம் அதிகம் கிடைக்கிறது என்பதற்காக அந்தப் பதிவெண்ணை எடுக்காமல் வேறொன்றைத் தேர்ந்தெடுப்பதே நாகரிகம்.

படம் தேடும்போது ஒரு குழப்பம் வரும். யுஎஸ்ஏர் தன் துணை நிறுவனமான ஜெட்ஸ்ட்ரீம் இன்டர்நேஷனலுக்கு 1995-இல் பிஎஸ்ஏ ஏர்லைன்ஸ் என்று பெயர் சூட்டியது. அது இன்றும் பறக்கிறது. வெறுமனே பிஎஸ்ஏ என்று தேடினால் அதன் சிஆர்ஜே விமானங்கள்தான் வந்து குவியும். அமெரிக்கன் ஏர்லைன்ஸின் ஏ319 ஒன்றும் பிஎஸ்ஏவின் பழைய வண்ணத்தில் பறந்திருக்கிறது. அழகான வேலைதான், ஆனால் வேறு உடலுக்கேற்ப மாற்றி வரைந்தது. அதிலிருந்து அளவு எடுக்காதீர்கள்.

மாடலின் வகையையும் பாருங்கள். 146-100 சுமார் 26.2 மீட்டர், 200 சுமார் 28.6, 300 சுமார் 31. மூன்றின் விட்டமும் 3.56 மீட்டர்தான் என்பதால் பக்கவாட்டுப் படத்தில் சட்டென்று வித்தியாசம் தெரியாது. ஜன்னல்களை எண்ணிப் பார்த்துத்தான் உறுதி செய்ய வேண்டும்.

கையில் இருக்க வேண்டியவை

சிமுலேட்டர் விமானத்தைத் தயாரித்தவர் தரும் பெயின்ட் கிட் (மாடலின் மேல் ஒட்டும் டெக்ஸ்சர் படங்களின் லேயர் பிரித்த மூலக் கோப்புகள்), லேயர்களோடு வேலை செய்யும் பட எடிட்டர் (ஃபோட்டோஷாப், ஜிம்ப், அஃபினிட்டி எதுவானாலும் சரி), வெக்டர் வரைய இங்க்ஸ்கேப், சிமுலேட்டர் படிக்கும் டிடிஎஸ் படக் கோப்பாகச் சேமிக்கப் பெயின்ட்.நெட் அல்லது என்விடியாவின் டெக்ஸ்சர் டூல்ஸ் எக்ஸ்போர்ட்டர், பேக்கேஜ் கட்ட எம்எஸ்எஃப்எஸ் லேஅவுட் ஜெனரேட்டர். பிளெண்டர் தெரிந்திருந்தால் வசதி. தெரியாவிட்டாலும் வேலை நிற்காது.

படங்கள் குறைந்தது ஐந்து வேண்டும்: இடப்பக்கம் நேராக, வலப்பக்கம் நேராக, முன்னாலிருந்து, முக்கால் கோணத்தில் மூக்கு, வால். வலப்பக்கப் படம் கிடைக்கவில்லை என்று இடப்பக்கத்தைப் புரட்டிப் போடுகிறவர்கள் அதிகம். இரண்டு பக்கமும் கதவுகள் ஒரே இடத்தில் இல்லை என்பதால் எழுத்தின் இடமும் மாறும். வலப்பக்கப் படம் கிடைக்கும்வரை அந்தப் பக்கத்தை ஒத்திப்போடுங்கள்.

படத்திலிருந்து அளவெடுப்பது

தூரத்திலிருந்து டெலி லென்ஸில் எடுத்த பக்கவாட்டுப் படமே அளவுக்கு ஆகும். அருகிலிருந்து வைட் லென்ஸில் எடுத்ததில் மூக்கும் வாலும் சுருங்கி, நடு உடல் பெருத்துத் தெரியும். எந்தப் படமானாலும் ஸ்கேலை வைத்து அளக்க வேண்டாம். விமானத்திலேயே ஒரு ஸ்கேல் இருக்கிறது. ஜன்னல்கள் உடலின் ஃபிரேம்களுக்கு இடையே சம இடைவெளியில் வருகின்றன. எழுத்து எத்தனையாவது ஜன்னலில் தொடங்கி எத்தனையாவதில் முடிகிறது, பட்டையின் அகலம் ஜன்னல் உயரத்தில் எத்தனை பங்கு என்று குறித்துக்கொள்ளுங்கள். "முதல் எழுத்தின் இடது விளிம்பு நான்காவது ஜன்னலின் நடுவில்" என்பதுபோல எழுதி வைத்த குறிப்பு, எந்தக் கோணத்தில் எடுத்த படத்துக்கும் பொருந்தும். இரண்டு மூன்று படங்களில் ஒரே விடை வந்தால் அதை நம்பலாம்.

உயரத்தை அளக்கும்போது மட்டும் ஒரு கணக்கு தேவை. உடல் உருளை. பக்கத்திலிருந்து பார்க்கும்போது நடுக்கோட்டுக்கு அருகே உள்ளது உள்ளபடி தெரியும். வயிற்றை நோக்கிப் போகப்போக எல்லாம் நெருங்கித் தெரியும். 146-இன் ஆரம் 1.78 மீட்டர். படத்தில் நடுக்கோட்டுக்கு 1 மீட்டர் கீழே தெரியும் விளிம்பு, தோலின் மேல் அளந்தால் 1.06 மீட்டரில் இருக்கும். இது பெரிய வித்தியாசமில்லை. 1.5 மீட்டர் கீழே தெரிவதோ, தோலில் 1.78 மீட்டர்; கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு கூடுதல். ஆரத்தால் வகுத்து, ஆர்க்சைன் எடுத்து, திரும்ப ஆரத்தால் பெருக்கினால் விடை வந்துவிடும். ஆர்க்சைன் ரேடியனில் இருக்க வேண்டும். டிகிரியில் போட்டுவிட்டு விழிக்காதீர்கள்.

இந்தக் கணக்கு எப்போதும் தேவைப்படாது. பெயின்ட் கிட்டில் உடல் பக்கவாட்டிலிருந்து அப்படியே படிந்த நிழல்போலப் பதிந்திருந்தால் படத்து உயரத்தையே வைக்கலாம். உருளையை விரித்துப் போட்டதுபோல இருந்தால் மட்டும் கணக்கு வேண்டும். எது என்று கண்டுபிடிக்க அடுத்த வேலை.

கட்டம் போட்டுப் பாருங்கள்

4096×4096 அளவில் ஒரு படம் திறந்து, 128 பிக்சலுக்கு ஒரு கட்டமாகப் பிரியுங்கள். 32-க்கு 32 கட்டங்கள் வரும். குறுக்கே எண்ணும் நெடுக்கே எழுத்தும் கொடுத்து, ஒவ்வொரு கட்டத்திலும் அதன் பெயரை எழுதுங்கள். மூல டெக்ஸ்சரின் இடத்தில் இதை வைத்துச் சிமுலேட்டரில் விமானத்தை ஏற்றுங்கள். ட்ரோன் கேமராவைத் தள்ளி நிறுத்தி, ஸூமை முழுக்கக் கூட்டிப் பக்கவாட்டில், முன்னால், அடியில் படம் எடுங்கள். தூரமும் ஸூமும் கூடினால் பெர்ஸ்பெக்டிவ் கோணல் குறையும்.

இந்தப் படங்களிலேயே எல்லாம் தெரிந்துவிடும். வயிற்றருகே கட்டங்கள் செங்குத்தாக இழுபட்டிருந்தால் பக்கவாட்டுப் பதிவு. எழுத்துகள் ஒரு பக்கம் தலைகீழாகவோ கண்ணாடியில் பார்ப்பதுபோலவோ தெரிந்தால், அந்தப் பாகம் இரு பக்கத்துக்கும் பொது. அங்கே எழுத்து எழுத முடியாது. நான்கு எஞ்சின் கூடுகளுக்கும் ஒரே கட்டங்கள் வந்தால், எஞ்சினுக்கு எஞ்சின் வேறு எண் போடும் ஆசையை இப்போதே விட்டுவிடுங்கள். கதவும் உடலும் ஒரே இடத்திலிருந்து வருகின்றனவா, வெவ்வேறு தீவுகளா (டெக்ஸ்சரில் தனியாக வெட்டி வைத்த துண்டுகளா) என்பதும் தெரியும். வாலின் முனையில் இரண்டாகப் பிளந்து விரியும் ஏர்பிரேக் இதழ்களைத் திறந்து வைத்தும் ஒரு படம் எடுங்கள். அவற்றின் உட்புறம் வெளிப்புறத்தின் கட்டங்களையே கடன் வாங்கியிருந்தால், வெளியே போடும் நிறம் உள்ளேயும் தெரியும்.

இதே நேரத்தில் ஒரு மீட்டருக்கு எத்தனை பிக்சல் என்பதையும் எடுத்து வையுங்கள். 28.6 மீட்டர் உடல் முழுவதும் ஒரே 4096 படத்தில் அடங்கியிருந்தால் ஒரு பிக்சல் 7 மில்லிமீட்டர். முன்–பின் என இரண்டு படங்களாகப் பிரித்திருந்தால் 3.5 மில்லிமீட்டர். முதல் வகையில் கதவருகே இருக்கும் சின்ன எச்சரிக்கை வாசகம் எதுவும் படிக்கும்படி வராது. அதற்காக இரவைக் கழிக்க வேண்டாம்.

பட்டைகள்

பட்டைகளை நேரடியாகப் பிரஷ்ஷால் வரையாதீர்கள். இங்க்ஸ்கேப்பில் பெயின்ட் கிட்டின் கோட்டுப்படத்தை அடியில் வைத்து வெக்டராக வரையுங்கள். நாளைக்கு இரண்டு பிக்சல் கீழே இறக்க வேண்டியிருக்கும், நிச்சயமாக இருக்கும்.

மூன்று நிறங்களும் ஒட்டி ஒட்டி வரும்போது ஒன்றின் விளிம்பில் இன்னொன்றைத் தொடங்கினால், இடையே முடி அளவுக்கு வெள்ளைக் கோடு தெரியும். விளிம்பை மென்மையாக்கும்போது இரண்டு பக்கமும் பாதிப் பாதியாகக் கரைவதே காரணம். மூன்றின் மொத்த அகலத்துக்கும் முதல் நிறத்தைப் போட்டு, அதன் மேல் இரண்டாவது, அதன் மேல் மூன்றாவது என்று அடுக்குங்கள்.

உடல் நேராக இருக்கும் பகுதியில் பட்டையின் விளிம்புகளைப் படத்தின் மேலிருந்து எண்ணும்போது 4-ஆல் வகுபடும் பிக்சல் வரிசையில் நிறுத்துங்கள். டிடிஎஸ் சுருக்கம் படத்தை 4×4 பிக்சல் துண்டுகளாக எடுத்துக்கொள்கிறது. பிசி1 முறையில் ஒரு துண்டுக்கு இரண்டு முனை நிறங்கள்தான். மற்றவை அந்த இரண்டுக்கும் இடைப்பட்டவை. பிங்க், ஆரஞ்சு, வெள்ளை மூன்றும் ஒரே துண்டில் மாட்டிக்கொண்டால் ஏதோ ஒன்று அழுக்காகித்தான் வரும். விளிம்பு துண்டின் எல்லையிலேயே விழுந்தால் இந்தத் தொல்லை இல்லை. சாய்ந்தோ வளைந்தோ போகும் இடங்களில் இப்படி நிறுத்த முடியாது; அங்கே பிசி7 கைகொடுக்கும், அது ஒரு துண்டுக்குள் மூன்று நிறக்குழுக்கள்வரை வைத்துக்கொள்ளும்.

உடல் ஒடுங்கும் இடம்தான் கஷ்டம். நிஜ விமானத்தில் பெயின்டர் டேப் ஒட்டுவது தோலின் மேல். பட்டையின் அகலம் அங்கே மாறாமல் இருந்தாலும், பக்கத்திலிருந்து பார்த்தால் மாறுவதுபோலத் தெரியும். சில நிறுவனங்களில் வாலை நோக்கி வேண்டுமென்றே மெலிய வைத்தார்கள், சிலவற்றில் இல்லை. கடைசி ஜன்னல், பின் கதவின் முன் விளிம்பு, வாலின் அடிப்பகுதி என மூன்று இடங்களில் ஜன்னல் உயரத்தோடு ஒப்பிட்டு அளந்தால் பதில் கிடைக்கும். உடலிலிருந்து வாலுக்குப் பட்டை ஏறும் இடத்தில் டெக்ஸ்சரும் மாறும். கட்டப் படத்தை வைத்து, உடல் பக்கம் பட்டை எந்தக் கட்டத்தில் முடிகிறது, வால் பக்கம் எந்தக் கட்டத்தில் தொடங்க வேண்டும் என்று ஒவ்வொரு விளிம்புக்கும் தனித்தனியே குறித்து இணையுங்கள். மொத்தப் பட்டையையும் தூக்கி நகர்த்திப் பொருத்தப் பார்த்தால் ஒரு விளிம்பு சேரும், மற்றது விலகும்.

புன்னகை

இந்த லிவரியின் உயிர் இதில் இருக்கிறது. வெறும் கறுப்பு வளைவுதான், ஆனால் மூக்கு எல்லாத் திசையிலும் வளைந்த பரப்பு. டெக்ஸ்சரில் அழகாக வரைந்த வளைவு, விமானத்தில் ஏறியதும் முகம் கோணிக்கொண்டு நிற்கும்.

முன்னாலிருந்து எடுத்த நிஜப் படத்தில் புன்னகையின் பாதையை, அருகில் இருக்கும் உறுதியான பொருள்களோடு சேர்த்துக் குறியுங்கள்: ரேடோம் (ரேடாரை மூடும் மூக்கு நுனி) இணையும் கோடு, பிட்டோ குழாய் (காற்று வேகம் அளப்பது), விண்ட்ஷீல்டின் நடுத்தூண், மூக்குச் சக்கரக் கதவின் முன் விளிம்பு. இடது பாதிக்கு மட்டும் ஒன்பது புள்ளிகள் போதும். வளைவு திரும்பும் முனையில் நெருக்கமாக, நடுவில் தள்ளித் தள்ளி. பிறகு கட்டம் ஒட்டிய மாடலை அதே கோணத்தில் நிறுத்தி, ஒவ்வொரு புள்ளியும் எந்தக் கட்டத்தின் எந்த மூலையில் விழுகிறது என்று எழுதுங்கள். அந்தப் புள்ளிகளை டெக்ஸ்சரில் வைத்து பெஸியர் வளைவால் இணையுங்கள். டெக்ஸ்சரில் பார்க்க அது விகாரமாக இருந்தால் பயப்படாதீர்கள். விமானத்தில் சரியாக வர, இங்கே கோணலாக இருந்தே ஆக வேண்டும்.

கோட்டைத் தடிமன் கொடுத்த ஒற்றைக் கோடாக வைக்காமல், மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் தனித்தனியாக உள்ள நிரப்பிய வடிவமாக மாற்றுங்கள். கட்டம் இழுபட்டிருக்கும் இடத்தில் ஒரே தடிமன் கொண்ட கோடு பருத்துத் தெரியும். விளிம்புகளைத் தனித்தனியாக நகர்த்தினால்தான் சமன் செய்ய முடியும்.

பெரும்பாலான மாடல்களில் மூக்கு இடம் வலம் என இரண்டு தீவுகளாகப் பிரிந்து, அடிநடுக்கோட்டில் சேரும். புன்னகை அந்தத் தையலைச் சரியாகச் செங்குத்தாகத் தொட வேண்டும். இரண்டு மூன்று டிகிரி சாய்ந்திருந்தாலும் நடுவில் ஒரு கூர் விழுந்து, சிரிப்பு கிளியின் அலகாகிவிடும். பெஸியரின் கடைசிப் புள்ளியில் கைப்பிடியைத் தையலுக்குச் செங்குத்தாக நிறுத்தினால் இது வராது. கோட்டைத் தையலோடு நிறுத்தாமல், வெளியே குறைந்தது 16 பிக்சல் நீட்டுங்கள். தூரத்திலிருந்து பார்க்கும்போது சிமுலேட்டர் பாதி, கால் அளவுப் பிரதிகளை, அதாவது மிப்மேப்களை, எடுக்கும். நீட்டிப்பு இல்லையென்றால் தையலில் வெள்ளை கசியும். 16 பிக்சல் இருந்தால் நான்கு படி சுருங்கும்வரை தாங்கும்.

வலது பாதிக்கு இடதைப் புரட்டிக் கொள்ளலாம், இரண்டு தீவுகளும் சமச்சீராக இருந்தால் மட்டும். கட்டப் படம் அதையும் சொல்லிவிடும்.

எழுத்தும் பதிவெண்ணும்

நிறுவனத்தின் பெயருக்கு ஃபான்ட் தேடி அலைய வேண்டாம். அந்தக் காலத்து எழுத்துகள் பெரும்பாலும் கையால் திருத்தியவை. ஒத்த ஃபான்ட் ஒன்றில் ஒரு எழுத்தின் வளைவு மட்டும் மாறியிருக்கும், அது கண்ணை உறுத்திக்கொண்டே இருக்கும். நல்ல படத்தின் மேல் வெக்டராகப் படியெடுங்கள்.

பதிவெண் அப்படியல்ல, அமெரிக்காவில் அதற்குச் சட்டமே உண்டு. உயரம் குறைந்தது 12 அங்குலம். அகலம் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு, கோட்டின் தடிமன் ஆறில் ஒரு பங்கு; எழுத்துகளுக்கு இடையே குறைந்தது எழுத்தகலத்தின் கால் பங்கு. ஒரு பிக்சல் 3.5 மில்லிமீட்டர் என்றால் உயரம் 87 பிக்சல், அகலம் 58, தடிமன் 14 அல்லது 15. இப்படி வரைந்தாலே பாதி விமானங்களுக்குப் பொருந்திவிடும். மீதியைப் படம் பார்த்துத் திருத்துங்கள்.

பல மாடல்கள் பதிவெண்ணைத் தாமாகவே உடலில் எழுதும். நீங்கள் வரைந்ததன் மேல் சிமுலேட்டரின் எழுத்தும் வந்து இரட்டையாகத் தெரிந்தால், ஏர்கிராஃப்ட் கட்டமைப்புக் கோப்பிலோ பேனல் கோப்பிலோ அதை அணைக்க வேண்டும். எங்கே அணைப்பது என்பது தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். பெயின்ட் கிட்டோடு வரும் குறிப்பைப் படியுங்கள்.

நிறம்

ஸ்கேன் செய்த ஸ்லைடிலிருந்து ஐட்ராப்பரால் நிறம் எடுப்பது ஏமாற்றும். அறுபது, எழுபதுகளின் பழைய எக்டாக்ரோம் ஸ்லைடுகள் சயானை இழந்து சிவப்பேறிப் போயிருக்கும். இருட்டில் வைத்திருந்த கோடாக்ரோம் நன்றாகத் தாங்கும். முதலில் படத்தில் வெயில் படும் வெள்ளை உடலை நடுநிலைக்குக் கொண்டுவந்து, பிறகு பட்டையை எடுங்கள். நான்கைந்து படங்களில் இப்படிச் செய்து நடுவாந்தரமான மதிப்பை வையுங்கள். மாலை வெயில் படம் ஒன்றுகூட வேண்டாம்.

சிமுலேட்டர் உங்கள் நிறத்தின் மேல் தானே வெயிலைப் போடும். ஆல்பிடோ படத்தில், அதாவது வெறும் நிறத்தை மட்டும் வைத்திருக்கும் டெக்ஸ்சரில், வெயில் ஏற்கெனவே ஏறியிருக்கக் கூடாது. வெள்ளைக்கு 255 போட்டால் மதிய வெளிச்சத்தில் உடல் வெந்து, ரிவெட், பேனல் கோடு எல்லாம் மறைந்துவிடும். நல்ல வெள்ளைப் பெயின்ட் ஒளியில் ஏறத்தாழ 80 சதவீதத்தைத் திருப்பும். எஸ்ஆர்ஜிபி கணக்கில் அது 231. அதையொட்டி 228 முதல் 235 வரை வையுங்கள். புன்னகையின் கறுப்பு 35 முதல் 45. பட்டைகளுக்குத் தொடக்கமாகச் சிவப்பு 195-35-42, ஆரஞ்சு 228-112-40, பிங்க் 208-52-118 என்று போட்டுப் பார்த்து, உங்கள் படங்களோடு ஒப்பிட்டு நகர்த்துங்கள். மூன்று சேனல்களில் மிகக் குறைந்ததை 30-க்குக் கீழே இறக்கினால் வெயிலில் நியான் பலகைபோல் எரியும்.

கோப்பு எஸ்ஆர்ஜிபி ப்ரொஃபைலில் இருக்கட்டும். அடோபி ஆர்ஜிபியில் வேலை செய்தால் திரையில் அருமையாகத் தெரியும். டிடிஎஸ் ஆனதும் ப்ரொஃபைல் உதிர்ந்து நிறம் வெளிறிப்போகும். "எடிட்டரில் சரியாக இருக்கிறது, சிம்மில் மங்கல்" என்ற புகார்களில் பல இதனால்தான்.

பளபளப்பு

ஆல்பிடோவோடு காம்ப் என்று ஒரு கோப்பு வரும். சிவப்புச் சேனலில் நிழல், பச்சையில் சொரசொரப்பு, நீலத்தில் உலோகத்தன்மை. சிவப்பைத் தொடாதீர்கள், அது மாடலுக்கு உரியது. பச்சையில் புதுப் பெயின்டுக்கு 0.25 அருகே, பல ஆண்டு வெயில் பட்டதற்கு 0.4 அருகே. 255-ஆல் பெருக்கினால் 64-உம் 102-உம்.

பெயின்ட் கிட்டின் மூல லிவரியில் வெற்று உலோகமாக இருந்த இடத்தில் நீங்கள் பெயின்ட் அடித்தால், அங்கே நீலச் சேனலைச் சுழியமாக்க வேண்டும். மறந்தால் பிங்க் நிற அலுமினியம் கிடைக்கும். எஞ்சின் வாய் வளையமும் இறக்கையின் முன் விளிம்பும் உலோகமாகவே இருக்கட்டும். 146-இல் இறக்கையின் பனி நீக்கம் சூடான காற்றால் நடக்கிறது, அதனால் டர்போப்ராப்களில் பார்க்கும் கறுப்பு ரப்பர் பட்டையை இங்கே வரையக் கூடாது.

காம்ப், நார்மல் (மேடுபள்ளத்தைச் சொல்லும் படம்) இரண்டும் நிறப் படங்கள் அல்ல, தரவு. சேமிக்கும்போது எஸ்ஆர்ஜிபி மாற்றம் எதுவும் நடக்காதபடி லீனியர் என்று தேர்ந்தெடுங்கள்.

அழுக்கு விஷயத்தில் கையை அடக்குங்கள். பெயின்ட் கிட்டின் அழுக்கு லேயரை 30 முதல் 40 சதவீதத்துக்குக் குறைத்துவிட்டு, எஞ்சினுக்குப் பின்னால் இறக்கையின் அடியிலும் ஏபியு (துணை எஞ்சின்) வாயிலும் மட்டும் புகை ஏற்றினால் போதும். பழைய விமானம் என்றாலே துருவும் கறையும் என்பது சிமுலேட்டர்காரர்களின் கற்பனை. 1985-இல் இவை புத்தம் புது விமானங்கள்.

டிடிஎஸ் ஆக்குவது

ஆல்பிடோவுக்கும் காம்ப்புக்கும் பிசி7, மிப்மேப்களோடு. 4096 படம் ஒன்று சுமார் 21 எம்பி வரும். பிசி1 என்றால் அதில் பாதி. 8192-க்குப் போனால் நான்கு மடங்காகி ஒரு கோப்பே 85 எம்பியைத் தொடும். பெயின்ட் கிட் 4096-இல் இருந்தால் அதைப் பெரிதாக்குவதால் ஒரு லாபமும் இல்லை. பழைய எஃப்எஸ்எக்ஸ் சிமுலேட்டர் காலத்துப் பழக்கத்தில் படத்தைத் தலைகீழாகப் புரட்டாதீர்கள். இங்கே நேராகவே வேண்டும். எக்ஸ்-பிளேன் சிமுலேட்டர் என்றால் பிஎன்ஜியாகவே லிவரிஸ் ஃபோல்டரில் வைத்துவிடலாம்.

பேக்கேஜ் கட்டுவது

1. அதே விமானத்துக்கு ஏற்கெனவே வேலை செய்யும் ஒரு லிவரியை நகலெடுத்துப் பெயர் மாற்றுங்கள். ஃபோல்டர் பெயர் சின்னதாக இருக்கட்டும்; விண்டோஸில் முழுப் பாதை 260 எழுத்தைத் தாண்டினால் கோப்பு சத்தமில்லாமல் காணாமல் போகும்.

2. ஏர்கிராஃப்ட் கட்டமைப்புக் கோப்பில் பேஸ் கன்டெய்னர் வரி மூல விமானத்தின் ஃபோல்டரைக் காட்ட வேண்டும். டைட்டில் வரி வேறெந்த லிவரியோடும் மோதக் கூடாது. டெக்ஸ்சர் வரியில் நீங்கள் எழுதும் பெயரும் டெக்ஸ்சர் ஃபோல்டரில் புள்ளிக்குப் பின்னால் வரும் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும்.

3. டெக்ஸ்சர் ஃபோல்டரில் நீங்கள் மாற்றிய டிடிஎஸ்களை மட்டும் வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் அதே பெயரில் ஒரு ஜேசன் கோப்பு வேண்டும், மூலத்திலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். மாற்றாதவற்றை மூல விமானத்திலிருந்து எடுக்கச் சொல்வது டெக்ஸ்சர் கட்டமைப்புக் கோப்பின் ஃபால்பேக் வரிகள்.

4. 412×170 பிக்சலில் ஒரு தம்ப்நெயில்.

5. லேஅவுட் கோப்பை ஜெனரேட்டரின் மேல் இழுத்துப் போடுங்கள். ஒரு கோப்பைச் சேர்த்தாலும் நீக்கினாலும் இதை மறுபடி செய்ய வேண்டும். லேஅவுட்டில் இல்லாத கோப்பைச் சிமுலேட்டர் திரும்பிக்கூடப் பார்க்காது.

6. மொத்தத்தையும் கம்யூனிட்டி ஃபோல்டரில் போட்டுச் சிமுலேட்டரை மூடித் திறங்கள்.

கோளாறு வந்தால்

லிவரி பட்டியலிலேயே வரவில்லை என்றால் லேஅவுட் அல்லது பேஸ் கன்டெய்னர். பட்டியலில் வந்து, தேர்ந்தெடுத்தால் பழைய வண்ணமே தெரிகிறது என்றால் டிடிஎஸ்ஸின் பெயர் அல்லது விடுபட்ட ஜேசன். வெளியே எல்லாம் சரி, காக்பிட் மட்டும் டெக்ஸ்சர் இல்லாமல் கிடக்கிறது என்றால் ஃபால்பேக். விமானம் முழுக்கக் குரோம்போல மின்னினால் காம்ப்பின் சேனல்கள் இடம் மாறியிருக்கின்றன. அருகில் நன்றாகத் தெரிந்து, தள்ளிப் போனதும் பட்டை மினுங்கினால் மிப்மேப் இல்லாமல் சேமித்திருக்கிறீர்கள்.

சோதனையை ஒரே நேரத்தில் முடிக்காதீர்கள். சான் டியாகோவில் மேகமில்லாத நண்பகல், மேகமூட்டம், சூரியன் மறையும் வேளை என மூன்றிலும் பாருங்கள். நிறத்தை மேகமூட்டத்தில் தீர்மானியுங்கள், பளபளப்பை மாலையில். கதவுகள், ஃப்ளாப், ஏர்பிரேக் எல்லாவற்றையும் திறந்தும் பாருங்கள். கதவு மூடியிருக்கும்போது பொருந்திய பட்டை, கதவின் பக்கவாட்டுத் தடிமனில் வேறு நிறமாக வழிந்திருப்பது அப்போதுதான் தெரியும்.

மற்றவர்களுக்குக் கொடுப்பதானால் இலவசமாகக் கொடுங்கள்; பெயரும் சின்னமும் வேறொருவரின் சொத்து. பெயின்ட் கிட்டின் உரிமக் குறிப்பு எதை அனுமதிக்கிறது என்று பார்த்து, மாடல் கோப்புகளையும் நீங்கள் தொடாத மூல டெக்ஸ்சர்களையும் ஜிப்பில் சேர்க்காதீர்கள். எந்தப் பதிவெண், எந்த ஆண்டுத் தோற்றம், எந்தப் பக்கத்துக்குப் படம் கிடைக்காமல் ஊகித்து வரைந்தீர்கள் என்பதை ஒரு சின்னக் குறிப்பாக உள்ளே வைத்துவிடுங்கள். அந்தப் பக்கத்தின் ஸ்லைடு யாரோ ஒருவரின் பெட்டியில் இருக்கும்; குறிப்பு இருந்தால் அனுப்பி வைப்பார்.